இறங்கி மாறும் இடம்

அந்த இரண்டு ரயில் பாதைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே ஓடின, சேரவில்லை. பழையது தரையில் ஓடியது. புதியது தூண்களின் மேல். வண்டிக்குள் ஒட்டியிருக்கும் வரைபடத்தில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் அழகாக ஒரு வட்டம் போட்டு ‘மாறும் இடம்’ என்று எழுதியிருந்தார்கள். அந்த வட்டத்துக்குள் எவ்வளவு நடக்க வேண்டும் என்பது நடந்தவர்களுக்குத்தான் தெரியும். பழைய நிலையத்தில் இறங்கி நாற்பத்தாறு படி ஏற வேண்டும், நாற்பத்தாறு படி இறங்க வேண்டும். வெளியே வந்தால் ஒரு கிடங்கின் நீளச் சுவர். சுவரோரமாக, சாக்கடை மூடிகளின் மேல் கால் வைத்து, பேருந்துப் புகையை வாங்கிக்கொண்டு முந்நூறு தப்படி. அப்புறம் சாலையைக் கடந்தால் புதிய நிலையத்தின் அறுபது படி. அங்கே ஒரு நகரும் படிக்கட்டும் இருந்தது. அதில் நகர்ந்தவன் அதைப் பழுதுபார்க்க வருகிறவன் மட்டும்தான் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்வார்கள்.

காலை நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வழியில் ஓடினார்கள். யாரும் நடக்க மாட்டார்கள், ஓட்டம்தான். அந்த ஓட்டத்துக்கு நடுவில் வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, ஒரு பெண் ஓர் ஆளைக் கைப்பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு போவாள். பின்னால் வருகிறவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு விலகிப் போவார்கள். சுவரோரம் தையல் மெஷின் போட்டுப் பை தைத்துக்கொண்டிருந்தவர் மட்டும் தைப்பதை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்ப்பார். அந்தப் பெண் ஏதாவது சொல்வாள், அந்த ஆள் பதில் பேசி அவர் பார்த்ததே இல்லை. ‘புருஷன் பொண்டாட்டி மாதிரியும் இல்ல, அப்பன் மக மாதிரியும் இல்லையே’ என்று நினைத்துக்கொள்வார்.

அப்பன் மகள்தான்.

அவர் லேத் பட்டறைக்காரர். இருபத்தெட்டு வருஷம் ஒரே பட்டறை. இரும்புத் தண்டை விரல் நுனியால் தடவி, “இன்னும் ஒரு மயிரிழை எடுக்கணும்” என்பார். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். பட்டறையில் அவருக்கு மைக்ரோமீட்டர் என்றுதான் பெயர். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், பக்கத்து பிரஸ் மெஷினில் தகடு சிக்கிக்கொண்டது. இவர் கையை விட்டு எடுக்கப் போனார். மெஷினில் இருந்த இளைஞன் கவனிக்காமல் பெடலை மிதித்துவிட்டான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

அந்த இளைஞன் பதினொரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தான். சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் பார்த்தாள்.

ஒரு வருஷம் கழித்து அவள் வந்து சொன்னபோது அவர் கத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைத் தூக்கி அவளுக்குக் காட்டினார்.

“என் கைய எடுத்தவன் கையத்தான் பிடிக்கப் போறியா?”

“அது அவர் வேணும்னு பண்ணலப்பா.”

“போ. போனவ போனவதான்.”

அவள் போனாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம். புதிய பாதையின் கடைசியில் குடித்தனம். ஒரு பெண் குழந்தை. இவரை, விரல் போன பிறகு, கருவி எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர் அறையில் உட்கார வைத்தார்கள். ஆறு வருஷம் வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது. அம்மா மட்டும் ஆயத்த ஆடை ஃபேக்டரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறைப் பக்கம் போய் நின்று அவளோடு போனில் பேசிக்கொள்வாள்.

அப்புறம் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின.

வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். ஆஸ்பத்திரி புதிய பாதையில் ஐந்தாவது நிலையம். சாலை வழியே போனால் நெரிசலில் இரண்டு மணி நேரம். ரயிலில் ஐம்பது நிமிஷம், அந்த வட்டத்தைத் தாண்டிவிட்டால். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது முழங்கைக்குக் கீழே சிரையையும் தமனியையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். அம்மா ஒரு பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தாள். காய்கறியை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பில்லாமல் போடுவாள். அவர் முகம் சுளிக்காமல் தின்பார். “நல்லாருக்கு. துணி துவைச்ச தண்ணில கொஞ்சம் சத்து இருக்கும்போல” என்பார். அவள் சிரிப்பாள். அவருடைய சட்டைகளின் இடது கையை எல்லாம் அவளே பிரித்து, அமுக்கு பட்டன் வைத்துத் தைத்திருந்தாள்.

முதல் மாதம் அவளே கூட்டிப் போனாள். ஃபேக்டரியில் சூப்பர்வைசர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, ஒண்ணு வீட்டைப் பாருங்க, இல்ல செக்கிங் டேபிளைப் பாருங்க” என்றாள். அடுத்த வாரம் அவர் தனியாகப் போனார். திரும்பும்போது அறுபது படியில் தலைசுற்றி, பாதியில் உட்கார்ந்துவிட்டார். ஓடுகிற கூட்டத்தில் ஒருவன் கால் பட்டு, நெற்றியில் அடி.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா மகளுக்குப் போன் செய்தாள்.

ஏற்பாடு இதுதான். காலை ஏழு பத்துக்கு அம்மா அவரைப் பழைய நிலையத்தின் நாற்பத்தாறு படியையும் ஏற்றி இறக்கி, வாசலில் கொண்டுவந்து விடுவாள். மகள் அங்கே நிற்பாள். அம்மா அடுத்த வண்டியில் திரும்பி, எட்டு மணிக்கு ஃபேக்டரி. மகள் அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, அதே தெருவில் அவள் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போவாள். அவருக்கு டயாலிசிஸ் முடிந்ததும் மதியச் சாப்பாட்டு நேரத்தைச் செலவழித்து அவரைக் கூட்டி வந்து, பழைய பாதை வண்டியில் ஏற்றிவிடுவாள். வீட்டுப் பக்க நிலையத்தில் படி கிடையாது. அங்கேயிருந்து அவர் நடந்துகொள்வார்.

முதல் நாள் அவளைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார்.

“யாரு இது?” என்றார் மனைவியிடம்.

“ஏன், கண்ணு தெரியலையா?”

“எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இந்தப் பக்கம் இல்லையே.”

“தெரியாதவளாவே இருக்கட்டும். தெரியாதவங்க கையப் பிடிச்சு ரோட்டக் கடக்கறது இல்லையா? போங்க, எனக்கு வண்டி போயிடும்.”

மகள் பக்கத்தில் வந்து அவருடைய இடது கையைப் பிடிக்கப் போனாள். “அந்தக் கை இல்ல! அதத் தொடக் கூடாது!” என்று அம்மா பதறினாள். மகள் சுற்றி வந்தாள். வலது கை. மூன்று விரல். அவள் ஒரு கணம் அதைப் பார்த்தாள். அப்புறம் எடுத்து இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. முகத்தை மட்டும் கிடங்குச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரண்டு மாதம் அப்படித்தான். மகள்தான் பேசுவாள். “சாக்கடை மூடி ஆடுது, இந்தப் பக்கம் வாங்கப்பா.” “இன்னும் பதினொரு படி.” “உக்காந்துக்கலாமா?” அவர் பதில் பேச மாட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமானால் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வார்.

“அந்தக் கண்ணாடிக் கடைக்காரி செருப்பு தேஞ்சு போயிருக்கு. படில வழுக்கும்.”

“அவகிட்டயே சொல்றதுதானே?”

“நான் ஏன் சொல்லணும்?”

மகளுக்கு அம்மாவிடமிருந்து போன் வரும். அடுத்த செவ்வாய் புதுச் செருப்போடு வருவாள். அவர் குனிந்து பார்ப்பார். பார்க்காத மாதிரி இருப்பார்.

ஒரு வியாழக்கிழமை நல்ல மழை. சுவரோரம் கணுக்கால் தண்ணீர். பை தைக்கிறவர் மெஷின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு, அதன் அடியில் தானும் ஒடுங்கியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். மகள் குடையை முழுக்க அப்பா பக்கம் சாய்த்துப் பிடித்து, தான் நனைந்துகொண்டு வந்தாள். தண்ணீருக்கடியில் ஒரு மூடி உடைந்து கிடந்தது. அவள் கால் அதை நோக்கிப் போனது. அவர் மூன்று விரலாலும் அவளை வெடுக்கென்று இழுத்தார்.

“பாத்து வரக் கூடாதா? கால ஒடச்சுக்கிட்டு யாருக்கு லாபம்?”

ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். திட்டுதான். அவள் அப்படியே தண்ணீரில் நின்றாள்.

“என்ன நிக்கற? நட.”

“நடக்கறேன்பா.”

அவள் மழையில் அழுதாளா என்று பை தைக்கிறவருக்குத் தெரியவில்லை. ஆனால் அம்மாவிடம் போனில் சொல்லும்போது அழுதாள். அம்மா செக்கிங் மேசையில் காலர் மடிப்பைப் பார்த்துக்கொண்டே அழுததில் ஒரு சட்டையில் சொட்டு விழுந்து, சூப்பர்வைசரிடம் பாட்டு வாங்கினாள்.

அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். கண்ணாடியில் பவர் எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டார். லென்ஸைத் தேய்க்கிற மெஷின் எத்தனை சுற்று ஓடும் என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. கடையில் கேட்டு வந்து சொன்னாள். “அவ்வளவு வேகமா? அப்ப தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணுமே” என்றார். “ஆமாப்பா, ஊத்துறாங்க” என்றாள். பட்டறையை விட்டு வந்த பிறகு அவர் மெஷினைப் பற்றி இத்தனை பேசியது அப்போதுதான். மருமகனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

ஒரு நாள் அறுபது படியின் நடுவில் மூச்சு வாங்க நின்றபோது, கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“சின்னது யாரு சாடை?”

“உங்க மூக்கு. உங்க கோபம்.”

“கோபம் வேணாம்னு சொல்லு.”

“நீங்களே சொல்லுங்க.”

அவர் ஏறத் தொடங்கினார். பத்துப் படி ஏறிய பிறகு, “சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டா அதுக்கு?” என்றார்.

“ஒரு வாரம் உண்டு, ஒரு வாரம் லீவு.”

“ம்” என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்று பயந்தாள்.

இதற்கு நடுவில், இரண்டு வருஷமாகத் துணி போட்டு மூடி வைத்துக் கட்டிக்கொண்டிருந்த இணைப்புப் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். பழைய பிளாட்பாரத்திலிருந்தே லிஃப்ட். மேலே கூரை போட்ட நடைபாதை, குளுகுளுவென்று. இறங்கினால் நேராகப் புதிய பிளாட்பாரம். ஒரே அட்டை, ஒரே டிக்கெட். நாலு நிமிஷம். திறந்த அன்றைக்கு ஜனங்கள் வேலை ஒன்றுமில்லாமலே இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தார்கள். சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் போய்க்கொண்டு எல்லாருக்கும் கை காட்டினார். பை தைக்கிறவர் உட்கார்ந்திருக்கும் சுவரோரத்தில் மறுநாளே ஈ காக்கா இல்லை.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு இரவுச் சோறு போடும்போது சொன்னாள்.

“இனிமே உங்களுக்குக் கவலையே இல்ல. ஒரு படி கூட ஏற வேணாம். தனியாவே போய்ட்டு வந்துடலாம்.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“அவளுக்கும் பாவம். மதியம் அவ சாப்பிடறதே இல்ல தெரியுமா? கடைக்காரர் வேற முணுமுணுக்கறாராம். அவளுக்கும் நிம்மதிதான்.”

“அவ சொன்னாளா, நிம்மதின்னு?”

மகள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அவளிடம் இன்னும் பேசவே இல்லை. ஆனால் இவர் தன்னால் மகளுக்குக் கஷ்டம் என்று மனசில் வைத்துக்கொள்ளக் கூடாதே என்று நினைத்தாள். இனி கஷ்டம் தீர்ந்தது என்று அவர் நிம்மதியாக இருக்கட்டுமே என்று, “ஆமா, சொன்னா” என்றாள்.

“ம்” என்றார் அவர்.

மறுநாள் மதியம் மகளுக்குப் போன்.

“நீ இனி அலைய வேணாம்மா. பாலம் தொறந்தாச்சு. அப்பா தனியா போய்க்கறேன்னுட்டார்.”

அந்தப் பக்கம் லென்ஸ் தேய்க்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“கேக்குதா?”

“அப்பாவா சொன்னார்?”

அவர் சொன்னது ஒரு ‘ம்’தான். ஆனால் அதைச் சொன்னால் இவள் விடமாட்டாள், அரைநாள் சம்பளம் போனாலும் வந்து நிற்பாள். மதியம் ஒரு வாய் சாப்பிட மாட்டாள்.

“அப்பாதான் சொன்னார். அவளை வர வேணாம்னு சொல்லுன்னார்.”

“சரி” என்றாள் மகள். “நல்லது” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பிள்ளை நல்லா இருக்கட்டும், புருஷன் நல்லா இருக்கட்டும் என்று அம்மா சொன்ன இரண்டு பொய். அவளுக்கு அவை பொய்யாகவே படவில்லை. தையல் பிரிந்திருந்தால் யாரும் பார்ப்பதற்குள் ஒரு போடு போட்டு அனுப்புவது அவள் தொழில்.

மூன்று வாரம் போனது. ஒன்பது தடவை. அவர் காலையில் பையை மாட்டிக்கொண்டு தனியே கிளம்புவார், இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வருவார். முன்பெல்லாம் இரண்டுக்கே வந்துவிடுவார் என்பதை அம்மா கவனிக்கவில்லை. அவள் வீட்டுக்கு வரும்போது ஆறு மணி. “பாலம் எப்படி?” என்று கேட்டாள் ஒரு நாள். “நல்லாருக்கு. வழுவழுன்னு இருக்கு” என்றார். மெஷினைப் பற்றிப் பேசுவது நின்றுபோயிற்று. சோற்றைப் பற்றிக் கேலி செய்வதும் நின்றுபோயிற்று. உடம்பு அசதி என்று அவள் நினைத்துக்கொண்டாள். மகளும் அவரைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். “நல்லாருக்காரா?” என்பாள், “ம், சரி” என்பாள்.

பத்தாவது தடவை, ஒரு வியாழக்கிழமை, இரண்டு மணி வாக்கில் ஃபேக்டரி ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. பையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து யாரோ அடித்திருந்தார்கள். அம்மா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கிவிட்டது என்றார்கள். எந்த நேரமும் நடக்கக்கூடியதுதான், யாருடைய தப்பும் இல்லை என்றார் டாக்டர்.

வராந்தாவில் ஒருவர் அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பை தைக்கிறவர். அவர்தான் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தவர்.

“நீங்க எப்படிங்க அவரைப் பாத்தீங்க?” என்று அம்மா கேட்டாள். “அவர் மேல பாலத்துல இல்ல போவார்?”

“இல்லம்மா. பழைய ஸ்டேஷன் வாசல்ல. படிக்குக் கீழ.”

“அங்க ஏன் வந்தார்?”

“எப்பவும் அங்கதான் வருவார். பாலம் தொறந்ததுக்கப்புறம் அந்தப் பக்கம் ஒரு ஆள் வர்றதில்ல. இவர் மட்டும் ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பும்போது, கீழ எறங்கி, நடந்து வந்து நிப்பார். அரை மணி, முக்கா மணி. ‘ஐயா, மேல லிஃப்ட் இருக்கே, ஏன் இந்த வெயில்ல’ன்னு கேட்டேன். ‘என் மக வருவா’ன்னார். ‘சொல்லியிருக்கீங்களா?’ன்னேன். ‘சொல்லவெல்லாம் இல்ல. நெனச்சுக்கிட்டா வருவா’ன்னார். இன்னிக்கும் நின்னார். நான் ஒரு பைக்கு ஜிப் மாட்டிட்டுத் திரும்பிப் பாத்தேன், உக்காந்திருந்தார். எப்பவும் உக்கார மாட்டாரேன்னு எந்திரிச்சுப் போனேன்.”

அம்மா பையை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அப்போது அழுகை வரவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், நாலாவது நாள் வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். மருமகன் இடுகாடு வரைக்கும் வந்து, எல்லாருக்கும் பின்னால் நின்று, வீட்டுக்குள் வராமலே குழந்தையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். மகள் அப்பாவின் மருந்துகளை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுத்தால் இல்லாதவர்களுக்கு ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் இந்த நாலு நாளும் சரியாக அழவில்லை. முகம் கல்லாக இருந்தது.

“அவருக்கு நான் வேணாம்தானே” என்றாள், மாத்திரை அட்டையைப் பார்த்துக்கொண்டு. “பாலம் வந்ததும் போதும்னுட்டார். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? கொஞ்சம் கொஞ்சமா மனசு மாறுதுன்னு நெனச்சேன். சின்னவளைக் கூட்டிட்டுப் போலாம்னு அந்தச் சனிக்கிழமைக்கு அவளுக்கு சட்டையெல்லாம் எடுத்து வச்சேன். கைப்பிடிச்சு ஏத்திவிடற ஆள் இருந்தாப் போதும்னுதான் இருந்திருக்கார். கைப்பிடி வந்ததும் ஆள் வேணாம்.”

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாலு நாளாக இதைச் சொல்லத்தான் நேரம் பார்த்திருந்தாள்.

“அவர் சொல்லல” என்றாள்.

“என்ன?”

“வர வேணாம்னு அவர் சொல்லல. நான்தான் சொன்னேன். உனக்கு நிம்மதின்னு அவர்கிட்ட சொன்னதும் நான்தான்.”

மகள் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். அம்மா நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். பை தைக்கிறவர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“இத ஏன் என்கிட்ட சொல்ற?” மகளின் குரல் கீச்சென்று போயிற்று. “சொல்லாமயே இருந்திருக்கலாம் இல்ல? ஏம்மா சொன்ன?”

“சொல்லாம விட்டா உங்கப்பாவத் தப்பா நெனச்சுக்கிட்டே இருப்ப. அவரத் தப்பா நெனைக்காத. என்னைத் தப்பா நெனச்சுக்கோ.”

வெளியே யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கிற சத்தம். வாளி நிறைந்து வழிந்து, குழாயை மூடிவிட்டுப் போனார்கள்.

“எத்தனை மணிக்கு நிப்பாராம்?” என்றாள் மகள்.

“ஒரு மணிக்கு வருவாராம். ஒண்ணே முக்கா வரைக்கும்னார்.”

“எனக்கு ஒண்ணேகாலுக்கு லஞ்ச்” என்றாள் மகள். “பசிக்கவே இல்ல. மூணு வாரமா அந்த நேரத்துக்குக் கடையில சும்மாத்தான் உக்காந்திருந்தேன். சும்மாதாம்மா உக்காந்திருந்தேன்.”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முதுகு குலுங்க, தரையில் நெற்றியை வைத்து அழுதாள். அம்மா கையை நீட்டினாள். பாதி வழியில் கையை எடுத்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து மகள் எழுந்து முகம் கழுவினாள். முடியை முடிந்துகொண்டாள். அட்டைப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“நான் கெளம்பறேன்.”

“ம்.”

“வருவேன். எப்போன்னு மட்டும் கேக்காத.”

அம்மா வாசல்வரை வந்தாள். பெட்டி கனம், ஒரு கை கொடுக்கட்டுமா என்று கேட்க வாய்வரை வந்தது. அந்த வார்த்தையை அப்படியே விழுங்கிக்கொண்டாள். மகள் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தாள். எப்போது என்று கேட்கவில்லை.